தரகருக்கும் ஒரு டி.சி. வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. மனை வாங்கும் எண்ணம் இருப்பவர்கள், மனைத் தொழிலில் இருப்பவர்கள், வெளி மாநிலத்தில் குடியிருப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது படித்தால் போதும்.

போன வாரம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தில் மட்டும் தலை தூக்கிப் பார்க்கும் பையன். இன்று திண்டுக்கல்லிலும் கரூர் ரோட்டிலும் மனை விற்பனை முகவராக நல்ல பெயரோடு இருக்கிறார். அவர் மனைவிக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்பத்தோடு அங்கே போகப் போகிறார்.

"சார், என் ரெரா பதிவை அப்படியே கர்நாடகாவுக்கு மாத்திக்கலாமான்னு விசாரிச்சேன். மாத்தவே முடியாதாம். அங்க புதுசா விண்ணப்பம் போட்டு, புதுசா பணம் கட்டணுமாம். டிரைவிங் லைசென்ஸ் எல்லா ஸ்டேட்லயும் செல்லுது. ரேஷன் கார்டு கூட செல்லுது. ஸ்கூல் மாறுற பையனுக்கு நீங்க ஒரு டி.சி. எழுதிக் கொடுத்தா அடுத்த ஸ்கூல்ல சேத்துக்குறாங்க. எனக்கு மட்டும் டி.சி. கிடையாதா சார்?"

நான் சிரித்துவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் குடும்பத்தில் நடந்த ஒரு காரியமும் அதோடு சேர்ந்து நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்தப் பதிவு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

2016-இல் நாடாளுமன்றம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. 2017 மே 1-ஆம் தேதி முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதைத்தான் எல்லோரும் 'ரெரா' என்கிறோம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனையாகப் பிரித்து விற்பவரும், எட்டு வீட்டுக்கு மேல் அடுக்குமாடி கட்டி விற்பவரும் அந்தத் திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக் கொடுக்கும் இடைத்தரகரும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது சட்டத்தின் 9-ஆம் பிரிவு. பதிவு இல்லாமல் தரகு பார்த்தால் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது கூடிக்கொண்டே போய், முடித்துக் கொடுத்த சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை ஆகலாம்.

நம் ஊரில் ஒருவர் தோட்டத்தை இன்னொருவருக்குப் பேசி முடித்துக் கொடுத்து, டீக்கடையில் கமிஷன் வாங்கும் பெரியவரை இந்தச் சட்டம் தேடி வராது. பிளாட் போட்டு, கலர் கல் நட்டு, வேன் வைத்து ஆள் கூட்டிப் போய்க் காட்டும் வியாபாரத்துக்குத்தான் இது.

அதே 9-ஆம் பிரிவில்தான் என் மாணவரின் சிக்கலும் இருக்கிறது. முகவருக்கு ஒரே பதிவு, அது ஒரு மாநிலம் முழுமைக்கும் செல்லும் என்கிறது சட்டம். குஜிலியம்பாறையில் இருப்பவர் அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு கன்னியாகுமரியிலும் விற்கலாம், திருவள்ளூரிலும் விற்கலாம். ஆனால் வேடசந்தூரில் நான்கு வழிச்சாலை ஏறி, கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று போய் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால், சாலை அதே 44-ஆம் எண் சாலைதான், சட்டமும் அதே சட்டம்தான், பதிவு மட்டும் செல்லாது. கர்நாடக ஆணையத்தில் புது விண்ணப்பம், பான் கார்டு, போட்டோ, முகவரிச் சான்று, கட்டணம். 2017-இல் வந்த கர்நாடக விதிகளின்படி தனிநபர் முகவருக்கு 25,000 ரூபாய் கட்டணம். ஐந்து ஆண்டு செல்லும். இங்கே ஏற்கெனவே கட்டிய பணத்துக்கும், ஒரு புகார் கூட வாங்காமல் ஓட்டிய வருடங்களுக்கும் அங்கே கணக்கு கிடையாது. நேற்றுத் தொழிலுக்கு வந்தவரும் இவரும் அங்கே ஒன்றுதான்.

"இது அநியாயம் இல்லையா சார்?" என்று கேட்டார். பாதி அநியாயம், பாதி நியாயம் என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

நியாயமான பாதி இது. வண்டி ஓட்டுவது எல்லா மாநிலத்திலும் ஒன்றே. இடது பக்கம் போக வேண்டும், சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும். நிலம் அப்படி இல்லை. நம் அரசியல் சட்டப்படி நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் ஆவணம் வேறு, அதன் பெயர் வேறு, அதில் இருக்கும் பள்ளம் வேறு. இங்கே பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று பார்த்துப் பழகியவர் அங்கே போனால் பஹணி என்பார்கள், காத்தா என்பார்கள். காத்தாவிலேயே ஏ காத்தா, பி காத்தா என்று இரண்டு. இங்கே மேய்ச்சல் புறம்போக்கு என்று நாம் சொல்வது அங்கே 'கோமாளா'. மழைநீர் போகும் பெருங்கால்வாயை 'ராஜகாலுவே' என்பார்கள். அதை ஒட்டி வாங்கிய மனையில் வீடு கட்டி, பின்னால் இடிபடப் பார்த்தவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2020-இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தும் வரை, விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கவே தடை இருந்தது. நம் பக்கத்து ஆளுக்கு அப்படி ஒரு தடை இருக்கும் என்று கனவில் கூடத் தோன்றாது.

இதெல்லாம் தெரியாத ஒருவர், தமிழ்நாட்டுப் பதிவு எண்ணை வைத்துக்கொண்டு அங்கே மனை காட்டினால் என்ன ஆகும்? அவர் நல்லவராகவே இருந்தாலும் வாங்குகிறவர் கெடுவார். ஆகவே, எல்லை தாண்டினால் புதுப் பதிவு என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்பு முடித்தவனை அடுத்த பள்ளியில் ஏழாம் வகுப்பில் உட்கார வைக்கலாம். ஆனால் அங்கே பாடமொழி கன்னடம் என்றால், கன்னடம் படித்துத்தான் ஆக வேண்டும்.

அநியாயமான பாதிக்கு இப்போது வருகிறேன். அதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் தங்கை மகன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது, "மாமா, அங்க ஒரு சைட் பாத்திருக்கேன். காட்டுறவர் நம்ம பக்கத்து ஆளு. திண்டுக்கல்ல ரெரா பதிவு பண்ணினவர்" என்று விசிட்டிங் கார்டை நீட்டினான். பார்த்தேன். பெயர், போட்டோ, கீழே பதிவு எண் எல்லாம் இருந்தது. "அரசாங்கத்துல பதிவு பண்ணின ஆளு, அதுவும் நம்ம ஊர்ப் பக்கம். பயப்படாம முடிடா" என்று சொன்னது நான்தான். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தவன், அந்த எண் எந்த மாநிலத்து எண் என்று பார்க்கவில்லை.

அட்வான்ஸாக ஐந்து லட்சம் கொடுத்தான். பெரும்பகுதி கையில் கொடுத்தது, ரசீது கிடையாது. பத்திரத்துக்குத் தேதி கேட்கக் கேட்கத் தள்ளிப் போனது. பிறகு அங்கே ஒரு வக்கீலிடம் காட்டினால், அது மனையாக மாற்றப்படாத விவசாய நிலம். லே-அவுட் அனுமதியும் இல்லை, திட்டப் பதிவும் இல்லை. அந்தத் தரகரின் பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இல்லை. கார்டில் இருந்தது தமிழ்நாட்டு எண். அந்த நிலத்துக்கு அந்த எண் வெறும் அலங்காரம்.

உறவுக்காரர்களை வைத்துப் பேசிப் பேசி ஒன்றரை லட்சம் திரும்பி வந்தது. மீதி வரவில்லை. தங்கை ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

பிறகுதான் விசாரித்தேன். அந்த ஆள் இங்கே இருந்தபோதே இரண்டு இடத்தில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இழுத்தடித்திருக்கிறார். கெட்ட பெயர் வந்ததும் இடம் மாறிவிட்டார். ஊர் மாறினார், பெயர் கூடவே போகவில்லை. என் மாணவரின் நல்ல பெயர் அவரோடு போகாதது போலவே, இவருடைய கெட்ட பெயரும் இவரோடு போகவில்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பதிவு எல்லை தாண்ட வேண்டியதில்லை. நடத்தை எல்லை தாண்டியே ஆக வேண்டும்.

டி.சி. எழுதியவனாகச் சொல்கிறேன். அதில் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், படித்த வகுப்பு எல்லாம் இருக்கும். நடத்தை என்றும் ஒரு கட்டம் இருக்கும். புதிய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பையனை அதற்கு முன் பார்த்தது கிடையாது. அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்வார். முகவர் பதிவில் இல்லாமல் போனது அந்தக் கட்டம்தான்.

சட்டத்தில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. மனை போட்டு விற்கும் நிறுவனத்தின் பதிவை ஓர் ஆணையம் ரத்து செய்தால், அந்தச் செய்தியை மற்ற மாநில, யூனியன் பிரதேச ஆணையங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 7-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறார்கள். முகவரின் பதிவை ரத்து செய்வது பற்றிப் பேசும் 9-ஆம் பிரிவில் அந்த வரி இல்லை. ரத்தானவர்களின் பெயரும் படமும் அந்தந்த ஆணையத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, ஆனால் பெங்களூரில் மனை வாங்குகிறவன் சென்னை இணையதளத்தைத் திறந்து பார்ப்பானா? பெரிய முதலாளிக்கு எழுதிய வரியைத் தரகருக்கும் எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஊர் விட்டு ஊர் போவது முதலாளியை விடத் தரகருக்குத்தானே சுலபம்? முதலாளிக்கு நிலம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. தரகருக்கு ஒரு போனும் ஒரு பைக்கும் போதும்.

இது நடக்காத காரியம் இல்லை. வக்கீல்களைப் பாருங்கள். ஒரு மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் இன்னொரு மாநிலத்துக்குப் பெயரை மாற்றிக்கொள்ள 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது. இந்திய பார் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கூடக் கிடையாது. அவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் விண்ணப்பத்தை மறுக்கவும் அதிலேயே இடம் இருக்கிறது. பெயரும் போகிறது, நடத்தையும் சரிபார்க்கப்படுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். அங்கேயும் ரியல் எஸ்டேட் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் வெளி மாநில உரிமத்தை அப்படியே ஏற்பதில்லை. ஃபுளோரிடா சில மாநிலங்களோடு ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. அந்த மாநிலங்களில் உரிமம் பெற்றவர் முழுப் பாடத்தையும் திரும்பப் படிக்க வேண்டாம். ஃபுளோரிடாச் சட்டத்தில் மட்டும் 40 கேள்விக்கு ஒரு தேர்வு எழுதினால் போதும். தெரிந்ததைத் திரும்பக் கேட்காதே, உள்ளூர் விஷயத்தை மட்டும் கேள் என்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தில் 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். பணம் கட்டியவருக்கெல்லாம் எண் கொடுப்பதை விட அது நல்ல வழி.

என் மாணவரைப் போன்றவருக்கு நான் கேட்பது அதிகம் இல்லை. தமிழ்நாட்டு ஆணையம் ஒரு தாள் தரட்டும்: இவர் இத்தனை வருடம் பதிவில் இருந்தார், இவர் மேல் இத்தனை உத்தரவு, அல்லது ஒன்றும் இல்லை. கர்நாடக ஆணையம் அதைப் பார்த்து, அங்குள்ள நிலச் சட்டத்தில் ஒரு சிறிய தேர்வு வைத்து, கட்டணத்திலும் கொஞ்சம் சலுகை காட்டிச் சேர்த்துக்கொள்ளட்டும். ஏமாற்றியவர் போனால் அதே தாள் அவரை வாசலிலேயே நிறுத்தட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பொறாமையில் யாராவது பொய்ப் புகார் கொடுத்தால், அது போகிற இடமெல்லாம் ஒருவரைத் துரத்தாதா என்று. துரத்தும். ஆகவே வெறும் புகாரை எழுதக் கூடாது. இரு தரப்பையும் விசாரித்து ஆணையம் போட்ட உத்தரவை மட்டும்தான் எழுத வேண்டும். வகுப்பில் ஒருவன் "சார், இவன் திருடிட்டான்" என்று சொன்னதையெல்லாம் நாங்கள் டி.சி.யில் ஏற்றியதில்லை.

இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. நான் எழுதிய டி.சி.களில் நடத்தைக் கட்டத்தில் என்ன எழுதினேன்? எல்லோருக்கும் 'நன்று'. சட்டையைக் கிழித்துச் சண்டை போட்டவனுக்கும் நன்று, சத்துணவு முட்டையைக் களவாடியவனுக்கும் நன்று. சின்னப் பிள்ளைகள், வாழ்க்கை கெட்டுவிடக் கூடாது என்ற எண்ணம்தான். அவர்கள் விஷயத்தில் அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பெரியவர்களிடமும் நாம் அதே தாராளத்தைக் காட்டுகிறோமே, அதுதான் தப்பு.

அந்தத் தரகர் இங்கே இரண்டு பேரை ஏமாற்றியபோது ஒருவராவது ஆணையத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தார்களா? இல்லை. "நம்ம சாதிசனம், நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும்", "கோர்ட்டு கச்சேரின்னு யாரு அலையறது" என்று விட்டுவிட்டார்கள். என் தங்கை குடும்பமும் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. எழுத்தில் ஒன்றுமே இல்லாதபோது, நாளைக்கே சட்டம் திருந்தி நடத்தைத் தாள் வந்தாலும் அவர் தாளில் 'நன்று' என்றுதான் இருக்கும். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டிய பேனா நம் கையிலும் இருக்கிறது. மனை விற்றவர் மேல் மட்டுமல்ல, முகவர் மேலும் ஆணையத்தில் புகார் கொடுக்க 31-ஆம் பிரிவு உரிமை தருகிறது.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு நான்கு வார்த்தை. பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த மாநிலத்து எண் என்று பாருங்கள். டி.என். என்று தொடங்கினால் தமிழ்நாடு. கே.ஏ. என்ற எழுத்து உள்ளே இருந்தால் கர்நாடகம். மனை எந்த மாநிலத்திலோ அந்த மாநில எண்தான் செல்லும். முகவர் எண்ணோடு நிற்காமல் திட்டத்தின் எண்ணையும் கேளுங்கள். இரண்டையும் அந்த மாநில ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள், கார்டில் அச்சடித்ததை நம்ப வேண்டாம். பணம் எவ்வளவு சிறியதானாலும் பேங்க் வழியாகக் கொடுங்கள். "நம்ம பக்கத்து ஆளு" என்பது காப்பி கொடுத்து உபசரிக்கக் காரணம், அட்வான்ஸ் கொடுக்கக் காரணம் ஆகாது. இதை நான் ஐந்து லட்ச ரூபாய்க்கு, அதுவும் என் தங்கை வீட்டுப் பணத்தில் படித்தேன்.

முகவர் தொழிலில் இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒன்று. வெளி மாநிலம் போனால் பழைய எண்ணை அச்சடித்த கார்டை அங்கே நீட்டாதீர்கள். புதுப் பதிவு வரும் வரை தரகு பேசாதீர்கள். அங்கே உள்ள ஆவணங்களின் பெயரையாவது முதலில் படியுங்கள்.

பெங்களூர் போகும் மாணவரிடமும் இதையேதான் சொன்னேன். "அப்ப புதுசாத்தான் சேரணும்கிறீங்க" என்றார். "சேருப்பா. அது வரைக்கும் கஸ்டமர் யாராவது உன்னைப் பத்திக் கேட்டா என் நம்பரைக் கொடு. நடத்தைன்னு இருக்கிற கட்டத்தை நான் நிரப்பிச் சொல்றேன். இந்தத் தடவை விசாரிச்சுட்டுத்தான் சொல்வேன்" என்றேன். "சார், எதுக்கும் என் ஃபைல் எல்லாத்தையும் கொண்டாந்து காட்டுறேன்" என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். மற்றவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
குஜிலியம்பாறை.